கடையில்லாத ஊரில் கைவீசி வந்தவர்கள்

வாங்கல் விற்றல் கூடாது என்று கட்டுப்பாடு வைத்து ஒரு திருவிழா நடக்கிறது என்றால், வணிகர்களாகிய நமக்குச் சிரிப்புதான் வரும். ஆனால் அமெரிக்காவில், நெவாடா மாநிலத்தின் பிளாக் ராக் பாலைவனத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியில் கூடும் 'பர்னிங் மேன்' விழாவைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது.

1986-ல் சான் பிரான்சிஸ்கோ கடற்கரையில் லாரி ஹார்வி, ஜெர்ரி ஜேம்ஸ் என்ற இரு நண்பர்கள் மரத்தால் ஒரு மனித உருவம் செய்து எரித்தார்கள். 1990-ல் அது பாலைவனத்துக்கு மாறியது. இன்று எழுபதாயிரம் பேர் வரை கூடுகிறார்கள். 2004-ல் ஹார்வி பத்துக் கொள்கைகளை எழுதி வைத்தார். தன் தேவைக்குத் தானே பொறுப்பு என்பது அதில் ஒன்று. வியாபாரம் கூடாது, இருப்பதைப் பிறருக்குச் சும்மா கொடுக்க வேண்டும். பண்டமாற்றுக்கூடக் கிடையாது. அமைப்பாளர்கள் விற்பது ஐஸ் கட்டி. முன்பு காபியும் விற்றார்கள்.

அப்படியானால் கடைக்காரனுக்கு அங்கே வேலை இல்லையா? உண்டு, வேலிக்கு வெளியே! விழாவுக்குப் போகிறவர்கள் ரீனோ நகரத்துக் கடைகளில்தான் தண்ணீரும் உணவும் வாங்கி ஏற்றுகிறார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை காலன், அதாவது ஐந்தரை லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும் என்கிறார்கள். எட்டு நாளைக்குப் பத்துப் பேர் என்றால் சுமார் 450 லிட்டர். நம் பதினைந்து லிட்டர் டின் கணக்கில் 30 டின். தற்சார்பு என்பது கடையே வேண்டாம் என்பதல்ல. முன்கூட்டிக் கணக்குப் போட்டுச் சரக்கை இருப்பு வைப்பதுதான். அது நம் தொழில்.

இந்தக் கணக்கையே போடாதவர்கள் இப்போது வருகிறார்கள். ஆளுக்குப் பல ஆயிரம் டாலர் கட்டினால் ஏ.சி. கூடாரம், சமையல்காரர், பணியாட்கள் எல்லாம் தயார். தனி விமானத்தில் வந்து இறங்கினால் போதும். 2014-லிருந்தே பத்திரிகைகளில் இது பெரிய சர்ச்சை. 2019-ல் அமைப்பாளர்கள் இத்தகைய ஒரு முகாமை இனி வர வேண்டாம் என்று அறிவித்தார்கள்.

பணம் உள்ளவன் வசதி செய்துகொள்வதில் என்ன தவறு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2023-ல் நுழைவுச் சீட்டே 575 டாலர். தன் கையால் கூடாரம் அடிப்பவரும் ஏழை அல்ல. வயதானவருக்கும் நோயாளிக்கும் ஏ.சி. அவசியமாக இருக்கலாம். வசதி குற்றமில்லை. எல்லோரும் ஏதாவது கொண்டு வந்து கொடுக்கும் இடத்தில், வாடிக்கையாளனாக மட்டும் வந்து நிற்பதுதான் குற்றம். பக்கத்துக் கூடாரத்தார் கொடுப்பதை அவர் வாங்கிக்கொள்கிறார். அவர் பங்குக்கு எதுவும் இல்லை. வியாபாரம் கூடாது என்று ஒப்புக்கொண்ட இடத்தில் கூடாரத்தையே சரக்காக்கி விற்பதும் நாணயமான வியாபாரம் ஆகாது.

2023 செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே மழை கொட்டியது. தரை முழுவதும் ஒட்டும் சேறாகி வண்டிகள் நகரவில்லை. வாசலும் விமானத் தளமும் மூடப்பட்டன. உணவு, தண்ணீர், எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும்படி அறிவித்தார்கள். பணம் எவ்வளவு கொடுத்தாலும் ஒரு லாரி உள்ளே வராது. மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள் தாங்களும் சாப்பிட்டு அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தார்கள். சிலர் சேற்றில் பல மைல் நடந்தே வெளியேறினார்கள். திங்கட்கிழமை பிற்பகலில்தான் பாதை திறந்தது.

இதில் நமக்கு என்ன? நம் சங்கத்தில் கூடி, மாதத்தில் ஒரு நாள் கடையடைப்பு என்று ஒருமனதாகத் தீர்மானம் போடுகிறோம். மறுவாரமே ஒருவர் முன்கதவை இறக்கிவிட்டுப் பின்கதவில் சரக்குக் கொடுக்கிறார். அன்று அவருக்கு நல்ல வியாபாரம். ஆனால் அடைத்தவர்கள் எல்லோரும் ஏமாளிகள் ஆகிறார்கள். அடுத்த மாதம் யார் அடைப்பார்கள்? கட்டுப்பாட்டை உடைப்பது எதிரி அல்ல. உள்ளே இருந்துகொண்டே அதன் பலனை மட்டும் அனுபவிப்பவர்தான்.

வணிகப் பெருமக்களே! வசதி பெருகட்டும், வியாபாரமும் பெருகட்டும். பொதுவில் ஒப்புக்கொண்ட சொல்லுக்கு மட்டும் விலை வைக்க வேண்டாம். மழை எல்லோருக்கும் ஒரு நாள் வரும். அன்று நம் கல்லாப்பெட்டி உதவாது. பக்கத்துக் கடைக்காரர்தான் உதவுவார்.