கத்தி வைக்கணுமா சார்?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்களாவது கடைசி வரை படியுங்கள்.

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் வந்தது. என்னிடம் நான்காம் வகுப்பு படித்த பையன். பையன் என்று நான்தான் சொல்கிறேன், அவனுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. சொந்தமாக ஃபைபர் படகு வைத்துக் கடல் தொழில் செய்கிறான்.

"சார், அம்மா ராத்திரி பாத்ரூம் போறப்ப விழுந்துட்டாங்க. எழுந்திரிக்கவே முடியல. வேன் சொல்லிட்டோம், புத்தூர் போறோம். அங்க உங்களுக்கு யாரையாவது தெரியுமா?"

"ரெண்டு காலும் ஒரே நீளமா இருக்கா பாரு."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "வலது காலு குட்டையா தெரியுது சார். பாதம் வெளிப்பக்கமா சாஞ்சி கெடக்குது."

"புத்தூர் வேணாம்பா. அசைக்காம படுக்க வை. 108-க்குப் போன் பண்ணு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ."

பின்னாலிருந்து அவன் மாமன் குரல் கேட்டது: "வாத்தியாருக்கு இன்னா தெரியும்? ஆஸ்பத்திரிக்குப் போனா கத்தி வெச்சிருவாங்க."

அந்த மாமன் மீது எனக்குக் கோபமில்லை. ஒரு காலத்தில் நானும் அதே வார்த்தையைச் சொன்னவன்தான். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பழவேற்காடு பக்கத்துக் குப்பங்களில் எலும்பு உடைந்தால் முதலில் வாயில் வரும் பெயர் புத்தூர். ஊத்துக்கோட்டை வழியாக ஆந்திர எல்லைக்குள் போனால் வந்துவிடும். பச்சிலை அரைத்துப் பூசி, முட்டை வெள்ளைக்கரு தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். பல தலைமுறைகளாக அங்கே நடக்கும் வைத்தியம். அதன் பெயரை போர்டில் எழுதிக்கொண்ட கட்டு நிலையங்கள் இன்று சென்னை முழுக்க இருக்கின்றன. அவர்களில் எத்தனை பேர் புத்தூரைக் கண்ணால் பார்த்தவர்கள் என்பது அவரவருக்கே வெளிச்சம்.

"படிக்காத ஜனங்க, மூடநம்பிக்கை" என்று நகரத்து நண்பர்கள் எழுதுவதைப் பார்க்கிறேன். அப்படி இல்லை ஐயா. முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் குப்பங்களில் பாடம் நடத்தியவன் சொல்கிறேன். இவர்கள் கணக்குப் போட்டுத்தான் போகிறார்கள். ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்வது. தன் முறையைத் தவறவிட்டவனுக்கு அந்த வருமானம் போனது போனதுதான். தண்ணீரில் தவழ்ந்து கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறியில் போடும் இருளர் பெண்களுக்கு மணிக்கட்டு உடைந்தால் அன்றைக்கே அடுப்பு அணைந்துவிடும். ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்தால் கூட இருக்க இன்னொருவர் வேண்டும். இரண்டு பேர் தொழில் போகும். கட்டுப் போட்டால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கேள்வி இருக்கிறது. "கத்தி வைக்கணுமா?" இந்தக் கேள்வியை இவர்கள் டாக்டரிடம் கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. கையெழுத்துப் போட ஒரு பேப்பர் வருகிறது.

அந்தக் கேள்வி முட்டாள்தனமானது அல்ல என்று எனக்குத் தெரிந்தது என் சொந்தக் கையால்தான். மூன்று வருஷத்துக்கு முன் மழையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. முதலில் பார்த்த தனியார் டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பிளேட் வைக்கணும். இன்னைக்கே அட்மிட் ஆயிடுங்க. லேட் பண்ணா கை கோணிடும்" என்றார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. என் மனைவி பிடிவாதமாக இன்னொருவரிடம் அழைத்துப் போனாள். அவர் வயதானவர். எலும்பை இழுத்து நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார். "ஒரு வாரம் கழிச்சு எக்ஸ்ரே எடுப்போம். எலும்பு நகர்ந்திருந்தா ஆபரேஷன். நகரலேன்னா இது போதும்" என்றார். நகரவில்லை. ஆறு வாரத்தில் கட்டு பிரித்தார்கள். இந்தப் பதிவை அந்தக் கையால்தான் தட்டச்சு செய்கிறேன்.

பிறகு என் மகளை இணையத்தில் தேடச் சொன்னேன். இங்கிலாந்தில் 36 மருத்துவமனைகளில், மணிக்கட்டு உடைந்த 500 பேரை வைத்து இதே கேள்வியை ஆராய்ந்திருக்கிறார்கள். எலும்பை நேராக்கிய பிறகு பாதிப் பேருக்குக் கம்பி, பாதிப் பேருக்கு மாவுக்கட்டு மட்டும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்தாருக்கும் கை ஒரே அளவில்தான் வேலை செய்தது. ஆனால் மாவுக்கட்டுப் போட்டவர்களில் எட்டில் ஒருவருக்கு முதல் ஆறு வாரத்துக்குள் எலும்பு நகர்ந்து, ஆபரேஷன் தேவைப்பட்டது. 2022-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு இது.

அதாவது "கத்தி இல்லாமல் ஆகாதா?" என்று நம் குப்பத்து ஆயா கேட்பதைத்தான் உலகத்துப் பெரிய டாக்டர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதில் எலும்புக்கு எலும்பு மாறும். அதைச் சொல்லிப் புரியவைக்க ஆள் இல்லாததுதான் நம் பிரச்சினை.

இனி சொல்லப்போவது எனக்குக் கஷ்டமான விஷயம்.

1998-ல் என் அம்மா வாசற்படியில் தடுக்கி விழுந்தார். எழுபத்திரண்டு வயது. கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. அது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி உடைந்ததற்கான அடையாளம் என்று எனக்கு அப்போது தெரியாது. டாக்டர் ஆபரேஷன் என்றார். "இந்த வயசுல கத்தி தாங்குவாங்களா?" என்று சொல்லிவிட்டு, ஆசிரியர் பயிற்சி முடித்தவன், ஊரில் நாலு பேர் யோசனை கேட்கும் வாத்தியார், நானே ஒரு கட்டுக்காரரிடம் கூட்டிப்போனேன். கட்டுப் போட்டார்கள். அசையக்கூடாது என்றார்கள். அம்மா அசையவில்லை. மூன்றாவது வாரம் முதுகில் புண். ஆறாவது வாரம் நெஞ்சில் சளி கட்டியது. இரண்டாவது மாதம் போய்விட்டார்.

கட்டுக்காரரைக் குறை சொல்லமாட்டேன். அவருக்குத் தெரிந்ததைச் செய்தார். அந்த இடத்து எலும்பை வெளியிலிருந்து எந்தக் கட்டாலும் பிடித்து வைக்க முடியாது. உடைந்த வேகத்தில் எலும்பு உருண்டைக்குப் போகும் ரத்தக்குழாய்களும் பெரும்பாலும் அறுந்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து படுக்கை. வயதானவர்களைக் கொல்வது உடைந்த எலும்பைவிட, அதற்காக அவர்களைப் படுக்கப்போடுவதுதான். எழுந்து உட்காரவைக்க, நிற்கவைக்கத்தான் அங்கே ஆபரேஷன். அந்த வயதுக்குக் கத்தி வேண்டாம் என்று நான் நினைத்தது தலைகீழ். அந்த வயதுக்குத்தான் அங்கே கத்தி அவசியம்.

இங்கிலாந்தில் 2010 முதல் இடுப்பு எலும்பு உடைந்த முதியவருக்கு 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து, மற்ற பராமரிப்பும் சரியாகக் கொடுத்தால் அந்த மருத்துவமனைக்குக் கூடுதல் பணம் தருகிறார்கள். 17 நாடுகளில் 2,970 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2020-ல் லான்செட் இதழில் வந்தது. ஆறு மணி நேரத்தில் செய்வதா, ஒரு நாள் கழித்துச் செய்வதா என்பது கேள்வி. இறப்பில் வித்தியாசம் இல்லை. ஆனால் சீக்கிரம் செய்துகொண்டவர்களுக்குப் புத்தித் தடுமாற்றம் குறைவாக இருந்தது, சீக்கிரம் நடந்தார்கள். உலகம் ஆறு மணி நேரமா, இருபத்துநாலு மணி நேரமா என்று விவாதிக்கிறது. நாம் புத்தூரா, ஆஸ்பத்திரியா என்று வாசலில் நின்று வேன் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். என்னிடம் படித்த இன்னொரு பையன், எட்டு வயதில் மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்கு மேலே உடைத்துக்கொண்டான். எங்கோ ஒரு கட்டு நிலையத்தில் இறுக்கிக் கட்டினார்கள். ராத்திரி முழுக்க அழுதான். "கட்டுன்னா வலிக்கத்தான் செய்யும்" என்று சமாதானம் சொன்னார்கள். காலையில் விரல்கள் நீலம். இன்று அவன் கை பருந்துக் கால் மாதிரி மடங்கி இருக்கிறது. வலை இழுக்க முடியாது. மீன் ஏலத்தில் கணக்கு எழுதுகிறான். இறுக்கமான கட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு இப்படி ஆகும் என்பதை ஃபோல்க்மன் என்ற ஜெர்மன் டாக்டர் 1881-லேயே எழுதி வைத்துவிட்டார். புத்தூர் கட்டோ மாவுக்கட்டோ, எதுவானாலும் கட்டிய பிறகு வலி கூடிக்கொண்டே போனால், விரல் மரத்துப்போனால், நிறம் மாறினால், விரலை நீட்டினால் உயிர் போகிற மாதிரி வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். உடனே கட்டைத் தளர்த்த வேண்டும், ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

அப்படியானால் கட்டுக்காரர்களை எல்லாம் பிடித்து உள்ளே போடலாமா? அதுவும் தீர்வில்லை. தொடை எலும்பு முறிவுக்கு 'தாமஸ் ஸ்பிளின்ட்' என்று ஒரு சட்டம் உண்டு. முதல் உலகப்போரில் ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் உயிரைக் காப்பாற்றியது. அதைச் செய்த ஹியூ ஓவன் தாமஸ், வேல்ஸ் நாட்டில் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டிய குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா கட்டு வைத்தியர். ஐந்து பிள்ளைகளையும் டாக்டருக்குப் படிக்கவைத்தார். இன்றைய எலும்பு மருத்துவத்துக்கும் ஒரு தாத்தா கட்டு வைத்தியர்தான். எத்தியோப்பியாவில் கட்டு வைத்தியர்களைக் கூப்பிட்டுப் பாடம் நடத்தினார்கள். எதைத் தொடக்கூடாது, கட்டு இறுகினால் என்ன ஆகும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கட்டு இறுகிக் கை கால் அழுகி வெட்ட வேண்டிய நிலை அந்தப் பகுதியில் நன்றாகக் குறைந்தது. 2005-ல் வெளியான தகவல். நம்மால் முடியாதா?

என்னுடைய கோரிக்கைகள் நாலு.

ஒன்று. பழவேற்காட்டிலேயே வாரம் இரண்டு நாளாவது எலும்பு மருத்துவரும், எந்நேரமும் எக்ஸ்ரேயும் வேண்டும்.

இரண்டு. 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' வந்தது. நல்ல திட்டம். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஆனால் முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டி, அலை தூக்கி அடித்துப் படகு கவிழ்ந்து கால் உடைகிறதே, அது எந்த விபத்து? எங்கள் ஜனங்களுக்குக் கடல்தான் சாலை. அதையும் சேர்க்க வேண்டும்.

மூன்று. எலும்பு உடைந்து வருகிறவருக்கு, என்ன உடைந்தது, கத்தி ஏன் வேண்டும் அல்லது ஏன் வேண்டாம் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிஷம் பேசவேண்டும்.

நாலு. கட்டு வைத்தியர்களுக்கு அரசே பயிற்சி கொடுக்க வேண்டும். தொடை, இடுப்பு, முதுகு, தோலைக் கிழித்துக்கொண்டு வந்த எலும்பு, குழந்தைகளின் முழங்கை, இவற்றைத் தொடாமல் அனுப்பிவிட வேண்டும் என்று எழுதி வாங்க வேண்டும்.

அந்த அம்மா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மாமன் சண்டை போட்டார். பையன் என் பேச்சைக் கேட்டு 108-ல் கூட்டிப்போனான். காப்பீட்டு அட்டை இருந்ததால் பணம் பெரிதாகப் போகவில்லை. ஆனால் கட்டில் கிடைத்து, தேதி கிடைத்து, ஆபரேஷன் நடந்தது ஐந்தாவது நாள். அந்த ஐந்து நாளும் பையன் தினம் ராத்திரி போன் செய்தான். ஒரே கேள்வி: "சார், தப்பு பண்ணிட்டமா?" எனக்கும் தூக்கமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். வாக்கர் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தார். "வா வாத்தியாரே, டீ குடி" என்றார். மாமன் திண்ணையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

என் அம்மாவுக்கு நான் செய்யாததை எழுதிவிட்டேன். தெரிந்தவர்களுக்குப் பகிருங்கள். டாக்டர் நண்பர்கள் யாராவது படித்தால், தவறு இருந்தால் திருத்துங்கள். உங்கள் ஊரில் எப்படி என்று கமெண்டில் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்