பங்குச்சந்தையிலும் தலைமடை உண்டு!

தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்குத் தலைமடை, கடைமடை என்றால் விளக்கம் தேவையில்லை. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். தண்ணீர் குறைந்த வருஷத்தில் எவ்வளவு தண்ணீர் என்பதைவிட, யாருக்கு முதலில் என்பதில்தான் சண்டையே வரும். பங்குச்சந்தை சாஃப்ட்வேர் விஷயமும் கிட்டத்தட்ட இதுதான்.

2010-ல் தேசியப் பங்குச்சந்தை (என்.எஸ்.இ.) கோ-லொகேஷன் வசதியைத் தொடங்கியது. சந்தையின் சர்வருக்குப் பக்கத்திலேயே புரோக்கர்கள் தங்கள் சர்வரை வாடகைக்கு வைத்துக்கொள்ளலாம். எதற்கு இந்த அவசரம்? கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். நெல்லையிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,250 கி.மீ. ஆர்டர் போய்ச்சேரவே 6 மில்லி விநாடி ஆகிவிடும். பக்கத்தில் இருக்கும் புரோகிராமுக்கோ மைக்ரோ விநாடிதான் கணக்கு. அதாவது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு!

இதற்காகப் புரோகிராமர்கள் படாத பாடு படுகிறார்கள். சி++ மொழியில் எழுதுவார்கள். மெமரியை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பார்கள். ஆபரேட்டிங் சிஸ்டத்தைச் சுற்றிக்கொண்டு நெட்வொர்க் கார்டிலிருந்து நேரடியாகத் தகவலை எடுப்பார்கள். இதெல்லாம் திறமை, சந்தேகமில்லை.

ஆனால் என்.எஸ்.இ. வழக்கில் பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. விலைத் தகவலை அதன் சர்வர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பவில்லை. யார் முதலில் லாகின் செய்தார்களோ அவர்களுக்கு முதலில், அடுத்தவருக்கு அடுத்து என்று வரிசையாக அனுப்பியது. ஆக, காலையில் முந்தி நுழைந்தவர் தலைமடைக்காரர்! எல்லோருக்கும் ஒரே சமயத்தில் அனுப்பும் மல்டிகாஸ்ட் முறை பிறகுதான் வந்தது.

2019 ஏப்ரலில், 624.89 கோடி ரூபாயை 12% வட்டியோடு கட்டும்படி என்.எஸ்.இ.க்கு செபி உத்தரவிட்டது. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்து, கவனக்குறைவுக்காக 100 கோடி கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில், கூட்டுச்சதிக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று செபி முடித்துவிட்டது. சரி, சதி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் விஷயம் இன்னும் முக்கியமாகிறது. யாரும் சதி செய்யாமலே, புரோகிராம் எழுதப்பட்ட விதமே ஒருவரை முன்னாலும் ஒருவரைப் பின்னாலும் நிறுத்திவிட முடியும் அல்லவா?

வேகம் கெட்டது என்பதல்ல வாதம். போட்டி கூடினால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி குறையும். சின்ன முதலீட்டாளருக்கும் அது லாபம்தான். ஆனால் செபியின் 2024 ஆய்வு சொல்வதையும் பார்க்க வேண்டும். மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93% பேருக்கு நஷ்டம். 2023-24-ல் வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் அதில் ஈட்டிய லாபத்தில் 97% கம்ப்யூட்டர் அல்காரிதம் வழியாக வந்தது. பாளையங்கோட்டையில் மொபைலை வைத்துக்கொண்டு அந்த வேகத்தோடு மல்லுக்கட்டுவது வீண்.

பி.காம். பாடத்தில் கம்பெனிச் சட்டம் இருக்கிறது, தணிக்கை இருக்கிறது. சந்தையின் சர்வர் யாருக்கு எந்த வரிசையில் தகவல் தருகிறது என்பதும் ஒரு சட்டம்தான். அதைப் படித்துக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் காமர்ஸ் வகுப்பிலிருந்தும் வர வேண்டும். மடை திறக்கும் முறை தெரியாதவன் கடைமடையில் காத்திருக்க வேண்டியதுதான்.