பிரெஞ்சுத் தத்துவமும் நம் வினையெச்சமும்

"பிரெஞ்சுத் தத்துவத்துக்கும் தமிழ் மாணவனுக்கும் என்ன உறவு? அதுவும் பௌதிகம் பயில்கிறவன் அதைப்பற்றி எழுதப் புகுவானேன்?" என்று கேட்கும் நண்பர்கள் நம் விடுதியிலேயே உண்டு. அவர்களுக்கு ஒரு கேள்வி: தில்லியில் நம் நிலை என்ன? வகுப்பில் ஆங்கிலம், கடைத்தெருவில் இந்தி. தமிழோ உணவுக்கூடத்து மேசைக்கும், ஊருக்குப் பேசும் தொலைபேசிக்கும் மட்டுமே உரியதாகிவிட்டது. சிந்திக்கும் வேலையை வேறு மொழியிடம் ஒப்படைத்துவிட்டு மொழிப்பற்றை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம். மொழி மனிதனை எப்படி ஆட்டிவைக்கிறது என்று ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு சிந்தனை மரபை நாம் எப்படி ஒதுக்கிவிட முடியும்?

ஒரு பௌதிக ஆசிரியரிடமிருந்தே தொடங்குகிறேன். கஸ்தோன் பஷ்லார் தபால் இலாகாவில் பணியாற்றியவர். பிறகு தம் சொந்த ஊரில் பௌதிகமும் இரசாயனமும் கற்பித்தவர். பின்னாளில் பாரிஸ் சொர்போன் பல்கலைக் கழகத்தில் பேராசிரியரானவர். 1938 ஆம் ஆண்டில் அவர் நூல்கள் இரண்டு வெளிவந்தன. ஒன்று விஞ்ஞான மனம் உருவாகும் விதத்தைப் பற்றியது; மற்றொன்று நெருப்பைக் குறித்து மனிதன் காணும் கனவுகளைப் பற்றியது. பழகிய சொல்லே அறிவுக்குத் தடையாக நிற்கக்கூடும் என்பது முதல் நூலின் கருத்துகளுள் ஒன்று. காற்று கடற்பஞ்சு போன்றது என்று பழைய அறிஞர்கள் சொன்னார்கள். சொன்னவுடனே எல்லாம் விளங்கிவிட்டதாக எண்ணி, மேலே கேட்காமல் நின்றுவிட்டார்கள். இதை அவர் எடுத்துக் காட்டுகிறார்.

நம்மிடமும் அத்தகைய சொல் இல்லையா? 'மின்னோட்டம்' என்கிறோம். 'ஓட்டம்' என்றதும் கம்பிக்குள் எலெக்ட்ரான்கள் குதிரை வேகத்தில் ஓடுவதாக மனம் படம் வரைந்துவிடுகிறது. உண்மை என்ன? ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செப்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் நேர் மின்னோட்டம் செல்லும்போது, எலெக்ட்ரான்கள் நகர்வது நொடிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர்தான். ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும்! ஆங்கிலச் சொல்லிலும் இதே படம் உண்டு என்பது வேறு செய்தி. ஆனால் நான் சிறுவயதில் தமிழில் கேட்ட சொல்லின் படத்தைத் தமிழில்தானே கலைக்க வேண்டும்? பஷ்லார் உவமைகளை ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியேற்றினார். ஆனால் அவற்றை இகழவில்லை. கவிதையே அவற்றின் இருப்பிடம் என்று கண்டு, அங்கே சென்று அவற்றை ஆராய்ந்தார்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். ஆல்பெர் காம்யு 1942 இல் வெளியிட்ட நாவலை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரே பெயர்க்க, 'அந்நியன்' என்னும் பெயரில் க்ரியா 1980 இல் வெளியிட்டது. மூலம் வெளிவந்த மறு ஆண்டே சார்த்தர் அதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தத்துவ ஞானியான அவர் கண் எதன்மேல் சென்றது? வினைச்சொல்லின் காலத்தின்மேல்! பிரெஞ்சு நாவல்களில் கதை சொல்வதற்கென்றே ஓர் இறந்தகால வடிவம் உண்டு; வாய்ப்பேச்சுக்கு மற்றொன்று. காம்யு பேச்சு வடிவத்தையே எடுத்துக்கொண்டார். 'ஆகையால்', 'அதனால்' போன்ற இணைப்புகளையும் பெரும்பாலும் விலக்கினார். அதனால் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தீவுபோல் தனித்து நிற்கிறது என்றார் சார்த்தர். காரணத் தொடர்பற்று, ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும் உலகம் என்ற தத்துவம், நாயகன் வாயால் உரைக்கப்படுவதற்கு முன்பே இலக்கணத்தில் அமர்ந்துவிட்டது.

தமிழில் இறந்தகாலத்துக்கு அவ்வாறு இரு வடிவங்கள் இல்லை. அந்த வழி நமக்கு அடைப்பட்டதே. ஆனால் நம்மிடம் வினையெச்சம் இருக்கிறது. "எழுந்து, பல் துலக்கி, காப்பி குடித்துவிட்டு, பேருந்தைப் பிடித்து, வகுப்புக்கு வந்தேன்" என்கிறோம். ஐந்து செயல்கள், முற்று ஒன்றே. 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் எழுவாயின் வினையைக் கொண்டே முடியும் என்று பள்ளியில் படித்தோம் அல்லவா? பல் துலக்கியவனும் வகுப்புக்கு வந்தவனும் ஒருவனே என்று நம் இலக்கணம் ஐயமின்றி அடித்துச் சொல்கிறது. "நான் எழுந்தேன். பல் துலக்கினேன். காப்பி குடித்தேன். வகுப்புக்கு வந்தேன்" என்று ஒருவன் சொல்லிப் பார்க்கட்டும். அவனுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று கேட்பவர் திடுக்கிடுவர். எச்சத்தை அறுத்தால் 'நான்' என்பதே அறுபடுவதுபோல் ஒலிக்கும் மொழி நம்முடையது. 'நான்' என்பது ஒன்றுதானா, தொடர்ச்சியானதுதானா என்று ஐயுற்ற பிரெஞ்சுச் சிந்தனையைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் ஏது?

ஆனால் நாம் செய்தது என்ன? எஸ். வி. ராஜதுரையின் 'எக்ஸிஸ்டென்ஷியலிசம்' 1975 இல் வந்தது. தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982 இல் வந்தது. கதவைத் திறந்துவிட்ட நூல்கள் இவை. அவர்கள் உழைப்புக்கு என் வணக்கம். ஆயினும் அக்கதவு வழியே பின்னர்ச் சிற்றிதழ்களில் நுழைந்தவை பெரும்பாலும் கலைச்சொற்களே. அமைப்பியல், பின்னமைப்பியல், கட்டுடைப்பு என்று முத்திரைகள் குவிந்தன. முத்திரை குத்துவதற்குரிய கடிதங்கள் வரவில்லை. ரோலன் பார்த் 1957 இல் வெளியிட்ட நூலில் மல்யுத்தத்தையும் சோப்புத் தூளையும் மாட்டிறைச்சி வறுவலையும் அல்லவா எடுத்து ஆராய்ந்தார்? அவர் சொற்களை வாங்கிய நாம், அவர் பார்வையை நம் கல்யாணப் பத்திரிகைமேலும் சினிமாச் சுவரொட்டிமேலும் செலுத்தியது மிகக் குறைவு. (பொருளற்ற சொல்லடுக்கைக் கொண்டே 1996 இல் ஒரு சஞ்சிகையை ஏமாற்றிக் காட்டிய பௌதிகப் பேராசிரியர் ஆலன் சோகலைச் சொல்லி என் துறை நண்பர்கள் சிரிப்பதுண்டு. சிரிக்கட்டும்! பொருளற்ற சமன்பாடுகளை எழுதும் மாணவர்களும் நம் துறையில் உண்டு.)

தமிழால் இயலாது என்பாருக்கு இத்தில்லி மாநகரிலிருந்தே விடை தருகிறேன். ஆதவன் இங்கே வளர்ந்தவர். 1987 இல் சிருங்கேரியில் ஆற்றில் மூழ்கி இளம் வயதிலேயே மறைந்தவர். அவருடைய 'காகித மலர்கள்' தில்லித் தமிழரின் வாழ்வைச் சொல்லும் நாவல். அலுவலகத்தில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம், நண்பர் நடுவே வேறொரு முகம் என மனிதர் வேடம் புனைவதை அவர் ஓயாமல் எழுதினார். சார்த்தர் 1943 இல் எழுதிய பெரு நூலில், உணவு விடுதிப் பணியாளன் ஒருவன் 'பணியாளனாக' நடித்துக்கொண்டிருப்பதை விரித்துரைக்கும் பகுதி புகழ் பெற்றது. ஆதவன் அதைப் படித்து எழுதினாரா, படிக்காமல் எழுதினாரா என்பது என் வழக்கன்று. ஒரு கலைச்சொல்லும் இன்றி, நாம் பேசும் தமிழிலேயே அந்த இடத்தை அவர் தொட்டுவிட்டார் என்பதே என் வழக்கு.

ஆகவே நம் இதழாசிரியருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு துறை மாணவரும் தம் பாடத்திலிருந்து ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைக் கொண்டு வரட்டும்; அது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று பத்து வரி எழுதட்டும். பொருளாதார நண்பர்கள் 'பணவீக்க'த்தை எடுத்துக்கொள்ளலாம். மின்னோட்டத்தை நான் எழுதித் தருகிறேன்.