வெறும் வைரஸ்தானா?



தலை பிளப்பது போன்ற வலி, கடுங்காய்ச்சல், கழுத்தைக் குனிய முடியவில்லை, வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது. இத்துன்பத்தோடு ஓர் இளைஞன் மருத்துவமனைக்குச் செல்கிறான். மூளையைச் சூழ்ந்த உறைகளில் அழற்சி என்கின்றனர். பாக்டீரியா காரணமன்று எனத் தெரிந்ததும் எல்லோரும் பெருமூச்சு விடுகின்றனர். "வெறும் வைரஸ்தான், தானே போய்விடும்" என்கின்றனர். அந்த 'வெறும்' என்னும் சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

பாக்டீரியாவால் வரும் மூளையுறை அழற்சி சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்க வல்லது. ஆகவே அந்தப் பெருமூச்சில் நியாயம் உண்டு. ஆனால் ஆறுதல் கிடைத்தவுடன் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவது அறிவுடைமையாகுமா?

பிரிட்டனில் 42 மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நோயாளிகளைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. மூளையுறை அழற்சி கண்ட பெரியவர்கள் 638 பேர். அவர்களுள் 231 பேருக்கு வைரஸ் காரணம். 99 பேருக்குப் பாக்டீரியா. 267 பேருக்கோ காரணமே தெரியவில்லை! நூற்றுக்கு 42 பேரின் நோய்க்குப் பெயரில்லை. வைரஸ் எனத் தெளிந்தவர்களின் வாழ்வும் முதல் ஆண்டில் ஒத்த வயதினரின் வாழ்வைவிட நலங்குறைந்தே இருந்தது. இதுவா 'வெறும்' நோய்?

காரணம் ஏன் புலப்படவில்லை? முதுகில் ஊசியிட்டு நீர் எடுத்துச் சோதித்தால்தான் வைரஸின் சுவடு தெரியும். விரைந்து நீர் எடுத்தவர்களிடம் காரணம் மிகுதியாகப் புலப்பட்டது என்று அவ்வாய்வே கூறுகிறது. முதுகில் ஊசி என்றாலே கால் விளங்காமற் போகும் என்று அஞ்சுவோர் பலர். தண்டுவடம் முடியும் இடத்திற்குக் கீழேதான் ஊசி செல்கிறது என்பதை அவர்கள் அறியார்.

"தானே குணமாகும் நோய்க்கு இவ்வளவு சோதனை எதற்கு?" என்று கேட்கலாம். வைரஸ் என்று உறுதியானால் வேண்டாத ஆன்டிபயாட்டிக் மருந்தை நிறுத்தலாம். நோயாளி விரைவில் வீடு திரும்பலாம். இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. எண்டெரோவைரஸ், ஹெர்ப்பீஸ், சின்னம்மை வைரஸ் எனப் பகைவர் பலர். எல்லோரையும் ஒரே அம்பு வீழ்த்தாது. ஹெர்ப்பீஸ் மூளையையே தாக்கும்போது உயிர் காக்கும் அசைக்ளோவிர், மூளையுறை அழற்சிக்கும் பயன்படும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. ஹெர்ப்பீஸ் வகையொன்றால் இந்நோய் கண்ட 101 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2012இல் வெளிவந்தது. அதன் இன மருந்தை ஓராண்டு கொடுத்தும் நோய் திரும்புவதைத் தடுக்க இயலவில்லை. பிரிட்டனில் வைரஸ் நோயாளிகள் பொதுவாக 4 நாள் தங்க, வைரஸ் மருந்து பெற்றவர்கள் 9 நாள் தங்கினர். அவர்கள் நோய் கடுமையாகவும் இருந்திருக்கலாம். உண்மையை முறையான சோதனையே சொல்லும். காரணம் அறியாமல் அச்சோதனையை நடத்துவது எப்படி?

நோயின் மூலத்தை அறிந்தே மருந்தை நாடச் சொன்ன வள்ளுவரை மேடையில் போற்றும் நாம், மருத்துவமனை வாயிலில் மறக்கலாமா?

தோழர்களே! விடுதியில் அடுத்த அறை நண்பன் இக்குறிகளோடு படுத்திருந்தால் மாத்திரை கொடுத்துத் தூங்க வைக்காதீர்கள். அன்றிரவே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஊசிக்கு அஞ்சினால் அருகிருந்து தேற்றுங்கள். "வைரஸ்தான்" என்று விடை வந்தால், "எந்த வைரஸ்?" என்று பணிவோடு கேளுங்கள். அந்தக் கேள்வியில்தான் நாளைய மருந்து பிறக்கும்.