அந்த 24-வது கிலோமீட்டர்!



மேத்ஸ்ல அரியர் விழுந்தா உங்களுக்கு முதல்ல என்ன தோணும்? ‘ஏதோ ஒரு யூனிட்டை ஒழுங்கா படிக்கலை’ன்னா? இல்லை, ‘நமக்கெல்லாம் எதுக்கு இன்ஜினீயரிங்?’னா? எனக்கு ரெண்டாவதுதான் தோணுச்சு. அதே குரல் போன மாசம் நீலாங்கரை பஸ் ஸ்டாப்பில் மறுபடி கேட்டது.

விஷயம் இதுதான். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பேர் கொடுத்திருக்கிறேன். அதுவும் முழு மாரத்தான், 42.195 கிலோமீட்டர்! ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேக்கு லீவு போட்ட பொண்ணு நான். ‘பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டியே, நீயாடி?’ என்று கேன்டீனில் ஒரே சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கும் அதே சந்தேகம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை 30 கிலோமீட்டர் பிராக்டீஸ். திருவான்மியூரிலிருந்து ஈ.சி.ஆரில் 15 போய், 15 திரும்பணும். விடியற்காலை ஒரு டம்ளர் காபியோடு கிளம்பினேன். கூட ஓடிய அண்ணன்கள் வேகமாகப் போக, நானும் விடாமல் பறந்தேன். சரியாக 24-ல், நீலாங்கரையில் கால் நின்றுவிட்டது. வலி இல்லை. உடம்பில் சுத்தமாகத் தெம்பே இல்லை! கையில் காசில்லை, போனில் சார்ஜும் இல்லை. பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ் புண்ணியத்தில் வீடு சேர்ந்தேன். பக்கத்து சீட் பூக்காரம்மா, ‘ஏன் கண்ணு அழுவுற?’ என்றார். ‘வேர்வைம்மா’ என்றேன்.

ரெண்டு நாள் ஷூவைத் தொடவில்லை. ‘நமக்கு இதெல்லாம் செட் ஆகாது’ என்று முடிவே கட்டியாச்சு. மூணாவது நாள், தினமும் ஓடியதைக் குறித்து வைக்கும் நோட்டைச் சும்மா புரட்டினேன். அட! அன்னிக்கு முதல் 10 கிலோமீட்டரில், வழக்கத்தைவிட கிலோமீட்டருக்கு ஒரு நிமிஷம் வேகமாக ஓடியிருக்கிறேன். வயிற்றிலோ வெறும் காபி!

உடம்பு மாவுச்சத்தை கிளைகோஜனாக்கி தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கிறது. அந்த ஸ்டாக் அளவோடுதான் இருக்கும். வேகம் கூடினால் சீக்கிரம் தீரும். மாரத்தான் ஓடுபவர்கள் 30 கிலோமீட்டர் தாண்டியதும் ‘சுவரில் முட்டினேன்’ என்று சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான். ஆக, தீர்ந்தது பெட்ரோல். நானோ ‘வண்டியே வேஸ்ட்’னு தீர்ப்பு எழுதிட்டேன்!

கேத்ரின் ஸ்விட்சரைத் தெரியுமா? 1967-ல் பாஸ்டன் மாரத்தானில், 261-ம் எண்ணை ஒரு அதிகாரி பிடுங்கப் பார்த்தும் ஓடி முடித்த மாணவி. அவருடைய பயிற்சியாளரே முதலில், ‘பெண்ணால் அவ்வளவு தூரம் முடியாது’ என்றவர்தான். ‘பிராக்டீஸில் ஓடிக் காட்டு, நானே கூட்டிப் போகிறேன்’ என்றார். ரெண்டு பேரும் 31 மைல் ஓடினார்கள். அதாவது, சுமார் 50 கிலோமீட்டர். கடைசியில் மயங்கி விழுந்தது பயிற்சியாளர்!

சந்தேகத்துக்குப் பதில் தன்னம்பிக்கை வசனம் இல்லை பாஸ், கணக்குதான். ‘என்னால முடியுமா?’ன்னு கேட்டா பதிலே வராது. ‘எங்கே தப்பு பண்ணினேன்?’னு கேட்டுப் பாருங்க, வரும்.

ரெண்டு வாரம் கழித்து அதே ரோடு. கிளம்பும்போது ரெண்டு வாழைப்பழம், பாக்கெட்டில் கடலை மிட்டாய். அண்ணன்களை முன்னாடி போக விட்டுட்டேன். 24-ல் அந்தக் குரல் கரெக்டா வந்தது. ‘முடியுமா?’

‘தெரியலை. முதல்ல இந்த பஸ் ஸ்டாப்பைத் தாண்டிக்கறேன்’ என்றேன்.

முப்பதும் முடிந்தது. ஆமை வேகம்தான், ஆனால் முடிந்தது!

மிச்சம் 12 கிலோமீட்டர் எப்படியிருக்கும்னு எனக்கு இன்னும் தெரியாது. ஆனா ஜனவரியில் ஸ்டார்ட்டிங் லைன்ல நிப்பேன்.

அப்புறம்... அந்த மேத்ஸ் நோட்டையும் திறந்து பார்த்துட்டேன். பிரச்னை நான் இல்லைப்பா. அஞ்சாவது யூனிட்!