தமிழன் பட்டாளத்துக்கே போனதில்லையாம்!

"உங்க ஆளுங்க எங்கய்யா பட்டாளத்துக்குப் போனாங்க?"ன்னு ஆபீசுல ஒரு வடக்கத்தி நண்பர் கேட்டார். வயிறு எரியுது சாமி!

கொள்ளுத்தாத்தா ராயபுரத்துல மூட்டை தூக்கினவர். முதல் உலகப்போர்ல தொழிலாளர் படையோட மெசபடோமியா போனார். தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ், பர்மா. பெரியப்பா 1971 யுத்தம்.

கொள்ளுத்தாத்தா மெடலை ஆயா ஒரு கஷ்டகாலத்துல அடகு வைக்கப் போனாங்களாம். சேட்டு உரசிப் பாத்துட்டு, "வெள்ளி இல்லம்மா, வெண்கலம்"னு திருப்பிக் குடுத்துட்டார். சிப்பாய்க்கு வெள்ளி, கூலி ஆளுக்கு வெண்கலம். வெள்ளைக்காரன் கணக்கு அப்படி! அந்த ஓரவஞ்சனையாலதான் மெடலே மிஞ்சுச்சு. (வெள்ளியா இருந்தா என்னிக்கோ கொலுசாயிருக்கும்.) விளிம்புல பேரும் நம்பரும் இருக்கு.

திரும்பி வராதவங்களுக்கு அதுவும் இல்ல. பாஸ்ரா நினைவுச்சுவர்ல அதிகாரிகளுக்குப் பேரு, இந்தியச் சிப்பாய்களுக்கு வெறும் எண்ணிக்கை. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021லதான் இந்தப் பாகுபாட்டுக்கு மன்னிப்பே கேட்டுச்சு.

'போர்க்குலம்'னு ஒரு புருடா விட்டு, நம்மள வீரம் இல்லாதவன்னான். 1928ல மெட்ராஸ் ரெஜிமெண்டையே கலைச்சான். அடுத்த உலகப்போர் வந்து ஆள் பத்தலைன்னதும் திரும்பக் கூப்பிட்டான். அந்தப் புருடாவைத்தான் நண்பர் இன்னமும் ஒப்பிக்கிறார்.

நாம மட்டும் யோக்கியமா? திருவொற்றியூர்ல வீட்டை இடிக்கிறப்ப தாத்தாவோட டிரங்குப் பெட்டியை, உள்ள என்ன காகிதம் இருக்குன்னுகூட பாக்காம காயலான் கடைக்குப் போட்டது சாட்சாத் எங்க குடும்பம்தான்.

நாளைக்கு ஆபீசுக்கு மெடலை எடுத்துட்டுப் போறேன்.