வீட்டுக்குள் விஞ்ஞானம்: பச்சையா, பழுப்பா... எந்த பாட்டில் நல்லது?

போன ஞாயிற்றுக்கிழமை திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு பஞ்சாயத்து. மரச்செக்கில் வாங்கிய கடலை எண்ணெய் ஒரே மாதத்தில் சிக்கு வாடை அடிக்க ஆரம்பித்துவிட்டது. கடலை விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இப்படியா? "செக்குக்காரர் பழைய எண்ணெயைக் கலந்துட்டாரு. நாளைக்குப் போய் நாலு வார்த்தை கேட்கிறேன்" என்று அம்மா முடிவே கட்டிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அமெரிக்காவிலிருந்து மாமா மகன் வீடியோ காலில் வந்தான். அவன் கவலையே வேறு. வீட்டிலேயே பீர் தயாரிக்கிறானாம். அதை ஊற்றி வைக்க பச்சை பாட்டில் வாங்குவதா, நிறமே இல்லாத பாட்டில் வாங்குவதா என்று குழப்பம். "அத்தை காதுல விழாம பதில் சொல்லு" என்றான். அத்தை காதில் விழுந்துவிட்டது!

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1978-ல் வந்த சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிக்கலாம். நம் ஊரில் அது குற்றம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-லிருந்தே இருக்கிறது. எனவே யாரும் முயற்சி செய்ய வேண்டாம். ஆனால், அவன் கேட்ட கேள்விக்குப் பதில் தேடியபோது அம்மாவின் எண்ணெய்க்கும் விடை கிடைத்தது.

வெளிச்சம்தான் வில்லன்

பீருக்குக் கசப்பைத் தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. வெளிச்சம் பட்டால் அந்தக் கசப்புப் பொருள் உடைகிறது. பீரில் இயல்பாகவே இருக்கும் ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2, வெளிச்சத்தை உறிஞ்சி இந்த வேலையைத் தூண்டிவிடுகிறது. கடைசியில் கந்தகம் கலந்த ஒரு பொருள் உருவாகி நாற்றமடிக்கிறது. ஸ்கங்க் என்ற விலங்கு எதிரியை விரட்டப் பீய்ச்சும் திரவத்தின் வாடை போல இருக்குமாம். துளியினும் துளி இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். நல்ல வெயிலில் சில நிமிடங்களே இதற்குப் போதும்.

இந்த வேலையைச் செய்வது புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியும்தான். பழுப்புக் கண்ணாடி இரண்டையும் பெருமளவு தடுத்துவிடும். பச்சைக் கண்ணாடி நீல ஒளியில் நிறைய உள்ளே விட்டுவிடும். நிறமில்லாத கண்ணாடி கிட்டத்தட்ட எல்லாவற்றையும் விட்டுவிடும். பச்சை பார்க்க அழகு, அவ்வளவுதான். இருமல் டானிக் பழுப்பு பாட்டிலில் வருவதற்கும் இதே காரணம்தான்.

எண்ணெய்க்கும் அதே கதை

எண்ணெயில் ஹாப்ஸ் இல்லை. ஆனால் செக்கு எண்ணெயில் இயற்கையான நிறமிகள் இருக்கின்றன. அவை வெளிச்சத்தை வாங்கி, காற்றிலுள்ள ஆக்சிஜனை எண்ணெயின் மேல் ஏவிவிடும். கொழுப்பு சிதைந்து சிக்கு வாடை வரும். அடுப்புச் சூடு இதை இன்னும் வேகப்படுத்தும்.

எங்கள் வீட்டில் எண்ணெய் இருந்த இடம் எது தெரியுமா? அடுப்புக்குப் பக்கத்து ஜன்னல் திட்டு. காலை முதல் மதியம் வரை நேர் வெயில். பாட்டில், அம்மா ஆசையாக வாங்கிய நிறமில்லாத கண்ணாடி.

"மிச்ச எண்ணெய் எங்கேம்மா?" என்று கேட்டேன். அலமாரிக்குள் எவர்சில்வர் தூக்கில் இருந்தது. அதே நாள், அதே செக்கில் வாங்கியது. திறந்து மோந்து பார்த்தோம். வறுத்த கடலை மாதிரி மணந்தது!

நீங்கள் என்ன செய்யலாம்?

* வெளிச்சமே புகாத எவர்சில்வர் தூக்கு, பீங்கான் ஜாடிதான் முதல் சாய்ஸ். கண்ணாடிதான் வேண்டுமென்றால் அடர் பழுப்பு.

* எந்தப் பாத்திரமானாலும் அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். பழுப்பு நிறம் வெளிச்சத்தைத்தான் தடுக்கும், சூட்டை அல்ல.

* கழுவிய பாட்டிலை ஈரம் போகக் காயவைத்த பிறகே எண்ணெய் ஊற்றுங்கள். பழைய எண்ணெயின் மேல் புதியதை ஊற்றாதீர்கள்.

* பழைய பீர் பாட்டில் பழுப்புதானே என்று காயலான் கடையில் வாங்காதீர்கள். அதில் இடையில் யார் பினாயில், ஆசிட் ஊற்றி வைத்தார்களோ! அதேபோல, நீங்களும் குடிக்கிற பாட்டிலில் அவற்றை ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் தண்ணீர் என்று குடித்துவிடும் ஆபத்து இருக்கிறது.

* கொம்புச்சா மாதிரி புளித்து நுரைக்கும் பானம் செய்பவர்கள், நிறத்தோடு கனத்தையும் பாருங்கள். உள்ளே வாயு சேர்ந்தால் மெல்லிய அலங்கார பாட்டில் வெடிக்கும். வாயு அழுத்தம் தாங்குவதற்கென்றே செய்த பாட்டில்தான் வேண்டும்.

மாமா மகனுக்கு இரண்டே வார்த்தையில் பதில் அனுப்பினேன்: "பழுப்பு, கனமானது."

அம்மா மறுநாள் செக்குக்காரரிடம் போனார். சண்டைக்கு அல்ல, இன்னும் ஒரு லிட்டர் வாங்க. கையில் எவர்சில்வர் தூக்கு. ஜன்னல் திட்டில் இருந்த அந்த அழகு பாட்டிலில் இப்போது மணிப்ளான்ட் வளர்கிறது.